எர்த்தம்மாவின் ஐந்து கம்பிகள்

டக்.

அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த எர்த்தம்மாவின் கை அப்படியே நின்றது. சத்தம் பக்கத்துத் தீவன அறையிலிருந்து வந்தது. தகர டப்பாவை விரலால் ஒருமுறை சுண்டியது போன்ற சின்னச் சத்தம். நாள் முழுக்க அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சத்தம்தான். ஆனால் இப்போது அது கேட்கக் கூடாது. வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை அவள் அணைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அணைத்ததற்கு அடையாளமாக ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகியிருந்தாள். துணி இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

டக்.

இரண்டு. வெளியே மேய்ச்சல் நிலத்தில் அவள் தங்கை சின்னவள் ஆட்டு வேலியைப் பிடுங்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் சிவப்புத் துணி இல்லையென்றால் வேலியில் கரண்ட் இல்லை, வெறும் கையால் தொடலாம். அக்கா தங்கை இருவருக்கும் நடுவே இருந்த ஒரே சட்டம் அது. சின்னவளுக்குக் காது கேட்காது. பேச்சும் வராது. பெட்டி உயிர் பெற்றுவிட்டது என்று அவளுக்குச் சொல்ல அந்தத் துணியை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

கையிலிருந்த ஈரத்துணி எங்கே விழுந்தது என்று எர்த்தம்மா பார்க்கவில்லை. சொம்பு ஒன்று உருண்டது. அடுக்களைக்கும் தீவன அறைக்கும் நடுவே ஒரு சின்ன நடை. ஒன்பது எட்டு வைக்கும் தூரம். அந்த ஒன்பது எட்டுக்குள் மூன்றாவது டக். வாசற்படியில் கால் இடறி விழப்போய்ச் சுவரைப் பிடித்தபோது நாலாவது.

தீவன அறையில் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்திருந்த பக்கத்து மேட்டு வீட்டுக்காரர், பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி, எரிகிற பச்சை விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. இடித்துத் தள்ளிவிட்டுப் போய், பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரை வெறும் கையால் பிடுங்கி எறிந்தாள்.

ஐந்தாவது டக் வரவில்லை.

பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பத் தைரியம் வந்தது. வேலி வலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. சின்னவள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது. அவள் தொண்டையிலிருந்து வரும் சத்தம் பத்தடி தாண்டாது. பத்தடிக்கு அப்பால் அவள் எவ்வளவு கத்தினாலும் அது வெறும் திறந்த வாய்தான்.

எர்த்தம்மா என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பதின்மூன்று வருடமாக அந்த வட்டாரத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் புருஷன் வயர்மேன். நல்ல வேலைக்காரன், நல்ல மனுஷன், எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அன்றைக்கு ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அந்த வீட்டில் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, கிடையாது என்று அவனுக்கு முன்பே தெரியும். அதற்காகவே முனை கூரான, துத்தநாகம் பூசிய நீளக் கம்பி ஒன்றைச் சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டி எடுத்துப் போனான். வீட்டுக்காரர், மோட்டாரை முதலில் பாருப்பா, கம்பியெல்லாம் இன்னொரு நாள் அடிச்சுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவன் மோட்டாரின் இரும்பு உடம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே யாரோ தண்ணீர் வருகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டார்கள்.

யாரோ. எந்தக் கை என்று கடைசிவரை தெரியவில்லை.

சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். கட்டிய கயிறுகூட அவிழாமல் அந்தக் கம்பி அதிலேயே இருந்தது. அவனுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு எர்த் இருந்திருந்தா இவன் போயிருக்க மாட்டான்மா."

அழுது அழுது காது அடைத்துப் போயிருந்த அவளுக்குள் அன்றைக்கு இறங்கியது அந்த ஒரு வாக்கியம்தான். அது திரும்ப வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும், குளிர்ந்த தண்ணீர் தருகிறேன் என்று ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனால், "எர்த் இருக்கா?" என்பாள். மாவு மில்லில் கேட்பாள். இஸ்திரிக் கடையில் கேட்பாள். தையல்காரர் ஒருமுறை, மிஷினுக்கெல்லாம் எர்த் இருக்கும்மா, எம்பொண்டாட்டிக்குத்தான் இல்ல, தொட்டாலே அடிக்குது என்றார். கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் சுவிட்ச் போடக் கரண்டியின் மரக்காம்பு. காலில் எந்நேரமும் ரப்பர் செருப்பு, அடுக்களையிலும் படுக்கிற இடம் வரைக்கும். செருப்போடதான் தூங்குறியா என்று சின்னவள் கை ஜாடையில் கிண்டல் செய்வாள்.

சின்னவள் அவளுக்குப் பத்து வயது இளையவள். அம்மா போனபிறகு இவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை. அவன் போனபிறகு இரண்டு பெண்களும் இரண்டு வெள்ளாட்டை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு இருபத்தெட்டானது. சின்னவள் அவற்றைச் சாலை ஓரமாக மேய்க்க ஓட்டிப் போவாள். ஒருநாள் பின்னால் வந்த லாரி அவ்வளவு நேரம் ஹாரன் அடித்தும் அவள் திரும்பவில்லை. லாரி சக்கரம் அவள் பாவாடை ஓரத்தைக் கறையாக்கிவிட்டுப் போனது. இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் எர்த்தம்மாவுக்கு உலகத்தில் யாரும் இல்லை.

அன்றைக்குத்தான் அவள், சுவிட்சைக்கூடக் கையால் தொடாதவள், மின்வேலிப் பெட்டி விற்கிறவரைத் தேடிக்கொண்டு போனாள். வேறு வழி இல்லை. வீட்டைச் சுற்றியிருந்த நிலத்திலேயே ஆடுகளை அடைத்து மேய்த்தால் சின்னவள் சாலைப் பக்கம் போக வேண்டியதில்லை. கல்லுவேலி கட்டச் சக்தி இல்லை. இது வலை. கம்பி இழை ஓடும் நைலான் வலை, பிளாஸ்டிக் குச்சிகளில் நிற்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை பிடுங்கிப் புது இடத்தில் ஊன்றிக்கொள்ளலாம்.

பெட்டிக்காரர் அன்றைக்கு எவ்வளவோ விளக்கினார். எட்டூருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. ஆனால் பயந்தவள் காதில் தனக்கு வேண்டியது மட்டும்தானே விழும்?

"எர்த் நல்லா இருக்கணும்மா. வீட்டு எர்த்துக்குத் தள்ளி அடிங்க. எர்த்துதான் எல்லாம்."

அவ்வளவுதான் விழுந்தது. அவளுக்கு வேறு விளக்கம் எதற்கு? எர்த் என்றால் காப்பாற்றுவது. பொல்லாத கரண்டைப் பிடித்து மண்ணுக்குள் இழுத்துப் போவது. ஒன்று இருந்தால் புருஷன் பிழைத்திருப்பான். ஐந்து இருந்தால்?

பெட்டியோடு ஒரு கம்பி வந்தது. பரணில் புருஷன் வாங்கிப் போட்டிருந்தவை மூன்று. சைக்கிளோடு திரும்பி வந்த அந்தக் கம்பி ஒன்று. கொல்லைக் கோடியில், பத்தடிக்கு ஒன்றாக, முக்காலி போட்டு ஏறி நின்று, அக்கா தங்கை மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடித்து ஐந்தையும் இறக்கினார்கள். சைக்கிள் கம்பியை அவள் கடைசியாகத்தான் இறக்கினாள். சின்னவளை அடிக்க விடவில்லை. ஐந்தையும் ஒரே ஒயரால் பிணைத்துப் பெட்டியில் சேர்த்தது மட்டும் பெட்டிக்காரர் வேலை. ஐந்தா என்று கேட்டு வாயைப் பிளந்துவிட்டு, நல்லதுதான் என்று போய்விட்டார்.

ஈர மண்ணில்தான் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்று புருஷன் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். ஆகவே தினமும் காலையில் கம்பிக்கு ஒரு குடம். கோடையில் ஆடுகளுக்கே தண்ணீர் இழுபறியாக இருந்தபோதும் அந்த ஐந்து குடம் நின்றதில்லை. என் தங்கையை விட்டுடு என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவாள். யாரிடம் சொன்னாள், மண்ணிடமா, போனவனிடமா, அவளுக்கே தெரியாது.

இந்தக் கோடையில் நாய்கள் வந்தன. யாருக்கும் சொந்தமில்லாத ஐந்து நாய்கள். காது கிழிந்த கறுப்பு நாய் ஒன்று முன்னால் வரும், மற்றவை அதன் பின்னால். மேட்டு வீட்டுக்காரரும் அதே பெட்டிதான் வைத்திருந்தார், அதே வலைதான். விடியற்காலையில் வலையை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவருடைய செம்மறிகளில் ஆறைக் கடித்துக் கொன்று போட்டன. தின்னவும் இல்லை. சும்மா கொன்று போட்டன. எர்த்தம்மா போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் கழுத்தின் பின்பக்கம்தான் கடி. பின்னால் வந்திருக்கின்றன. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னால் என்ன வந்தாலும் சின்னவளுக்குக் கேட்காதே.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் எர்த்தம்மாவின் ஆடுகளில் ஒன்றுக்குக்கூட ஒரு கீறல் இல்லை. ஆறு ஆட்டைப் பறிகொடுத்தவர் மனது எப்படி இருக்கும்? எர்த்தம்மா பெட்டி வழியாகக் கரண்ட் விடவில்லை, வீட்டு லைனிலிருந்து நேராக வேலிக்கு இழுத்திருக்கிறாள் என்று டீக்கடையில் சொன்னார். அது குற்றம், ஆளே சாகும், ஆள்களைக் கூட்டி வந்து பெட்டியைப் பிடுங்க வைக்கிறேன் என்றும் சொன்னாராம். இது காதுக்கு வந்து மூன்று நாள். மூன்று நாளும் எர்த்தம்மா வீட்டு ஒயர்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இழுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியாமல் எங்கேயாவது ஒரு ஒயர் உரசிக்கொண்டிருந்தால்?

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் மேட்டு வீட்டுக்காரர் இன்றைக்கு வந்திருந்தார். பெட்டிக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவர் முன்வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள், இவர் கொல்லைப் பக்கமாகச் சுற்றி, எப்போதும் திறந்தே கிடக்கும் தீவன அறைக்குள் நுழைந்துவிட்டார். பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. ஆகா, பெட்டி செத்துக் கிடக்கிறது, அப்படியானால் வேலிக்கு வேறெங்கிருந்தோதான் கரண்ட் போகிறது என்று நினைத்தார். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டார்.

இந்த முறை யாருடைய கை என்று தெரிந்துவிட்டது.

சின்னவளை எர்த்தம்மா தூக்கிக்கொண்டு வரவில்லை. அவளே எழுந்து நடந்து வந்தாள். தீவன மூட்டை மேல் உட்காரவைத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அக்கா. சிவப்புகூட இல்லை. கை மரத்துப் போச்சு, விழுந்ததுல இடுப்புதான் வலிக்குது என்று சின்னவள் ஜாடையில் சொன்னாள். எர்த்தம்மாவுக்கு அது எதுவும் கண்ணில் ஏறவில்லை. தங்கையின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அது அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் காதை எடுக்கவில்லை.

மேட்டு வீட்டுக்காரர் சுவரோடு சுவராக நின்றார். பெரிய உடம்பு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"தெரியாம கைய வச்சுட்டேன்க்கா."

"எம்புருஷன கொன்னவங்களும் அதத்தான் தம்பி சொன்னாங்க."

இதற்குள் பெட்டிக்காரரும் முன்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தார். அவர், வந்த வேலையைப் பார்க்கிறேன் என்று மீட்டரை எடுத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். ஜன்னல் வழியாகப் போகும் ஒயரைப் பின்தொடர்ந்து வேலி வரை நடந்து, சாய்ந்து கிடந்த வலையை நிமிர்த்தி ஊன்றிவிட்டு வந்தார். வீட்டு லைனுக்கும் வேலிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மேட்டு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். பிறகு வேலியை அளக்க வேண்டும், ஒரு நிமிஷம் பெட்டியைப் போடணும் என்றார். சின்னவள் தன் கண்ணெதிரே அறைக்குள் இருக்கிறாள் என்பதால்தான் எர்த்தம்மா தலையசைத்தாள். துணியைக் கட்டிய பிறகுதான் பிடுங்கிய ஒயரை மாட்டிப் பெட்டியைப் போட விட்டாள்.

மற்ற இருவரும் கூடவே வர, வேலியோரத்தில் மீட்டரின் ஒரு காலை மண்ணில் குத்தி, இன்னொன்றை வலையில் வைத்தார் பெட்டிக்காரர். எண்ணைப் பார்த்தார். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எட்டு. காலைல உங்க வேலில எவ்வளவு காட்டுச்சு?"

ஒன்றரை என்றார் மேட்டு வீட்டுக்காரர் சுருதி குறைந்து.

எட்டு என்றால் என்ன என்று எர்த்தம்மா கேட்டாள். எட்டாயிரம் வோல்ட் என்றார் பெட்டிக்காரர், ஏதோ எட்டுப் பூசணிக்காய் என்பது போல.

எர்த்தம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக் கரண்ட் எவ்வளவு என்று வயர்மேன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? இருநூற்று முப்பது. வாழ்நாளெல்லாம் அவள் மறக்காத எண். இருநூற்று முப்பது அவள் தாலியை அறுத்தது. எட்டாயிரத்தில் தங்கை நாலு அடி வாங்கியிருக்கிறாள்.

பெட்டிக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினார். வோல்ட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க, இது கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும், வீட்டுக் கரண்ட் மாதிரி பிடிச்சுக்கிட்டு விடாது, தட்டிட்டு விட்டுடும் என்று சொன்னார். அவள் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான்.

"அஞ்சு எர்த் அடிச்சேனே. தினம் தண்ணி ஊத்துறேனே. அப்புறம் எப்படி இவ்வளவு அடிக்குது?"

பெட்டிக்காரர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. மனுஷன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், அது பாதி மீசைக்கு வெளியே வந்துவிட்டது.

"எர்த்தம்மா, நீங்க ஊத்துன தண்ணிதான் அடிக்குது."

பிறகு மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"வீட்டுல எர்த்துங்கிறது கரண்ட் தப்பிச்சு ஓடுற வழி. உங்கள விட்டுட்டு அப்படிப் போயிடும். வேலில அப்படி இல்ல. பெட்டியில கிளம்புனது பெட்டிக்கே திரும்பணும். ஆடு வலையத் தொட்டா ஆட்டு உடம்பு வழியா மண்ணுல இறங்கி, மண்ணுலயே நடந்து வந்து, இந்தக் கம்பியில ஏறிப் பெட்டிக்கு வருது. அப்பதான் அடி விழும். மண்ணு காஞ்சா வழி இல்ல, அடியும் இல்ல. இவரு ஒத்தக் கம்பிய முழங்கால் ஆழத்துல சரளைக்கல்லுல சொருகி வச்சிருக்காரு, நாய் வந்து வலையில முதுகு சொறிஞ்சிட்டுப் போகுது. நீங்க என்னடான்னா கரண்டுக்குத் தார் ரோடே போட்டுக் குடுத்திருக்கீங்க."

எர்த்தம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே சொல். எர்த். ஒரு வீட்டில் அது இல்லாததால் புருஷன் போனான். இந்த வீட்டில் அது இருந்ததால் தங்கை விழுந்தாள். அந்தச் சைக்கிள் கம்பி, அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அதே கம்பி, இத்தனை நாளும் கொல்லையில் நின்றுகொண்டு சின்னவளை அடிக்கக் காத்திருந்திருக்கிறது. காலையில் ஒவ்வொரு குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றியவள் யார்? இவள். இவள் கைதான் சுவிட்சைப் போட்ட கை.

எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லைக் கோடிக்கு நடந்தாள். முதல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். இடுப்புயரத்துக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்த கம்பி. அசையவில்லை. பெட்டிக்காரர் பின்னாலேயே ஓடிவந்து, அத எடுத்தா நாயி வரும்மா என்றார். வரட்டும் என்றாள். ஆட்டத் தின்னட்டும், எல்லா ஆட்டையும் தின்னட்டும், எந்தங்கச்சி இருந்தாப் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். ஈர மண் கொஞ்சம் இளகியது.

ஒரு கை அவள் கையின் மேல் விழுந்தது. சின்னவள்.

எர்த்தம்மா ஜாடையில் வேகவேகமாகச் சொன்னாள். கம்பி. தண்ணீர். மணிக்கட்டில் இரண்டு விரலால் சுண்டு, அது கரண்டுக்கான ஜாடை. நான்தான், நான்தான் என்று மார்பில் அடித்துக்கொண்டாள். சின்னவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தெரியும் என்று தலையசைத்தாள்.

தெரியும்.

எப்போதிலிருந்து என்று அக்கா கேட்டாள். சின்னவள் ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அங்கே கவிழ்த்து வைத்திருந்த பழைய வாளியை எடுத்து வந்து கம்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். உச்சியில் இருக்கும் சூரியனைக் காட்டினாள். வாளியைச் சாய்த்துக் காட்டினாள். அக்கா மதியம் கண் அயரும் நேரத்தில் அவளும் தினம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சாயங்காலம்கூட ஏன் கம்பியடி காயாமல் இருக்கிறது என்று எர்த்தம்மா ஒருநாளும் யோசித்ததில்லை.

ஏன் என்றாள் அக்கா, ஜாடையே மறந்துபோய் வாயால். சின்னவள் உதட்டைப் படித்துக்கொண்டாள்.

தலைக்கு மேல் இரண்டு விரலை நிறுத்தி, அதில் ஒரு விரலைப் பாதியில் மடித்தாள். கிழிந்த காது. பொழுது சாயும் நேரத்தில் அந்தக் கறுப்பு நாய் வலையருகே வந்து நிற்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மண் காய்ந்த நாளில் அது மூக்கை வைத்தது, தலையை உதறியது, திரும்பவும் மூக்கை வைத்தது. அவள் போய்த் தண்ணீர் ஊற்றினாள். அடுத்தமுறை மூக்கை வைத்ததும் அது துள்ளி விழுந்து ஓடியது. அது கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. வாயைத் திறந்ததைப் பார்த்தாள். அதுவும் என்ன மாதிரிதான் கத்துச்சு என்று சின்னவள் தன் வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எர்த்தம்மாவுக்கு இல்லை. இருபது முறையாவது அந்த நாய்க்கும் இவளுக்கும் நடுவே வெறும் வலை நின்றிருக்கிறது.

கடைசியாகச் சின்னவள் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். பின்னால் வந்தா எனக்குத் தெரியாது. அந்த ஜாடையை அக்கா இதற்கு முன் பார்த்ததில்லை. தங்கைக்கும் பயம் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பியிலிருந்து எர்த்தம்மாவின் கை தானாக நழுவியது.

சின்னவள் குனிந்து பச்சையாக இருந்த நீளப் புல் ஒன்றைக் கிள்ளினாள். ஜன்னலைப் பார்த்தாள். சிவப்புத் துணி கட்டியிருந்தது, பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நேராக வேலிக்குப் போய், புல்லின் நுனியை வலை இழையில் வைத்தாள். எர்த்தம்மா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினாள். எவ்வளவு நீளம் தள்ளினால் விரலுக்கு அடி தெரிகிறதோ அதுதான் அவள் கணக்கு. விரல் துடித்தது. விரலுக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் புல் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. இன்றைக்கு வேலி நன்றாக இருக்கிறது என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அடேங்கப்பா, என் மீட்டர வித்துடலாம்போல," என்றார் பெட்டிக்காரர்.

சின்னவள் இன்னொரு கையை அக்காவிடம் நீட்டினாள். பிடி என்று கண்ணால் சொன்னாள்.

எர்த்தம்மா பிடிக்கவில்லை. பின்னால் நகர்ந்தாள். அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. சற்றுமுன் பேட்டரி ஒயரை வெறும் கையால் பிடுங்கியவள் தானே நீ என்று உங்களுக்கும் எனக்கும் கேட்கத் தோன்றும். அது வேறு. அப்போது யோசிக்க நேரமில்லை.

ரொம்ப நேரம் கழித்து ரப்பர் செருப்பைக் கழற்றினாள். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு மண் காலில் பட்டது, ஈரமாக, சில்லென்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்தாள்.

வந்தது. உள்ளங்கையில் யாரோ ஒருமுறை சுண்டி, உடனே விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவனையும் இப்படி விட்டிருக்கக் கூடாதா? வேலியோரத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் தலையில் கைவைத்தாள். இரண்டு ஆண்களும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பயம் போய்விட்டதா? அதெல்லாம் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் முதல் வேலையாகச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வேலையாக, ஆட்டி இளக்கிய கம்பியைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கி, அந்தப் பழைய வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

கிளம்பும்போது மேட்டு வீட்டுக்காரர் தீவன அறைப் பின்கதவில் தயங்கி நின்றார். டீக்கடையில் சொன்னதை டீக்கடையிலேயே போய் மாற்றிச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"உங்க வேலிக்கு எர்த் இருக்கா தம்பி?"

இருந்தும் இல்லாத மாதிரிதான்க்கா என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு கம்பி வாங்கி ஆளுயரம் இறக்குங்க, சரளையில வேணாம், தொட்டித் தண்ணி வழியிற பக்கமா பாத்து இறக்குங்க என்றாள். பெட்டிக்காரர், என் வேலையை இந்தம்மாவே பார்த்துவிடும்போல என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பப் போனார். மேட்டு வீட்டுக்காரர் படியிறங்கினார்.

அந்தப் பின்கதவையும் சரி, அடுக்களைப் பக்கத்துக் கதவையும் சரி, எர்த்தம்மா பகலில் சாத்தியதே இல்லை. சாத்தினால் பெட்டியின் சத்தம் அடுக்களைக்கு வராது. திறந்து கிடந்தால் இன்னொரு கை உள்ளே வரும். படியிலேயே நின்று இரண்டையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே பயமாக இருந்தன. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான், நாய்கள் வரும் நேரம்.

உள்ளே வந்து பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினாள். நடையைக் கடந்து அடுக்களைப் பக்கத்துக் கதவையும் இழுத்துச் சாத்தி, பலகையில் காதை வைத்தாள். கேட்டது. மெல்லியதாக, தூரமாக.

என்ன கேட்குது என்று பக்கத்தில் வந்து நின்ற சின்னவள் புருவத்தை உயர்த்தினாள். எர்த்தம்மா காதைப் பலகையிலிருந்து எடுக்காமலே, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருமுறை அதில் சுண்டினாள்.